ஆவாரம்பட்டையில் வெந்த சேவல்

காலை பத்தேகால் மணிக்குக் குழம்பு கறுத்துப் போனது. மணியை இவ்வளவு திட்டமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அப்போது நான் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் கடிகாரமுமாக அடுப்பின் முன் குந்தியிருந்ததுதான். கொஞ்ச நேரம் முன்பு மூடியைத் திறந்தபோது அது மாதுளைச் சாறு போலச் சிவந்திருந்தது. மனம் நிறைந்து மூடி வைத்தேன். மறுபடி திறந்தால் உள்ளே மசி. நான் தினமும் பேனாவைத் தோய்க்கும் மைக்கூட்டுக்குள் ஒரு சேவல் விழுந்து, காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததுபோல் இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஒரு பிரெஞ்சு துரை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு. அவர் சாப்பிட்டு மனம் குளிர்ந்தால் என் மகனுக்கு ராணிப்பேட்டையில் வேலை. குளிராவிட்டால் அவன் மறுபடியும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, வருகிற போகிற சொந்தக்காரர்களிடம் உண்மை பேசிக்கொண்டிருப்பான். அந்த மசிக்குள் நான் பார்த்தது சேவலை அல்ல. என் மகனுக்கு நாற்பது வயதாகியும் நான் அவனுக்குச் செருப்பு வாங்கிக் கொடுப்பதைப் பார்த்தேன்.

உண்மை பேசுவது அவனுக்கு ஒரு நோய்போல இருந்தது. வாணியம்பாடியில் அவன் மாமன் ஜவுளிக் கடையில் உட்காரவைத்தோம். ஒரு கல்யாண வீட்டார் பதினைந்து சேலை எடுத்துக் கட்டச் சொன்ன நேரத்தில், இந்தச் சாயம் ஒரு மழைக்குத் தாங்காது என்று அவர்களிடம் சொல்லிவிட்டான். மாமன் அன்று மாலையே அவனை ரயிலேற்றி அனுப்பினார். வேலூரில் அத்தர் கடை ஒன்றில் சேர்ந்தான். அங்கே என்ன சொன்னான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடைக்காரர் என்னைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். கடைசியில் நான் வேலை செய்த, தோல் பதனிடும் டேனரியிலேயே, தோல்களைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் விட்டேன். முதலாளி ஒரு கட்டைக் காட்டி, முத்து மாதிரி தோல் என்று வியாபாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் மகன் அந்தக் கட்டிலிருந்து மூன்று தோல்களை உருவி, இது மூன்றும் பூச்சி அரித்தது என்று தனியாக வைத்தான். முதலாளி நல்லவர். அவனை மட்டும் நிறுத்திவிட்டு என்னை வைத்துக்கொண்டார்.

நான் ஆம்பூரில் அந்த டேனரிக்கு முன்ஷி. கணக்கு எழுதுவது, கடிதம் போடுவது, துரைமார் வந்தால் இங்கிலீஷ் பேசுவது எல்லாம் என் பொறுப்பு. பிரெஞ்சுக் கம்பெனிக்காகத் தோல் வாங்க வரும் அந்தத் துரை சில மாதங்களுக்கு ஒருமுறை வருவார். வற்றலான மனிதர். அதிகம் பேசமாட்டார். தோலை மடிப்பார், கட்டை விரலால் அழுத்துவார், முகர்ந்து பார்ப்பார், வைத்துவிடுவார். ஒருநாள் மழையில் மாட்டிக்கொண்டு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர், ராணிப்பேட்டைக் கிடங்கில் தோல் பிரிக்க ஒரு ஆள் தேவை என்றார். நான் என் மகனைப் பற்றிச் சொன்னேன். அவனுடைய பழைய வேலைகளைப் பற்றிச் சொல்லவில்லை. பையனைப் பார்க்கிறேன் என்றார்.

மழை விடவில்லை. பேச்சு சாப்பாட்டுப் பக்கம் திரும்பியது. மெட்ராஸ் ஓட்டலில் போடுவதைத் தின்று நாக்கு செத்துவிட்டது என்று சொல்லி, தன் தாயார் செய்யும் கோழியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். இளங்கோழி கூடாதாம், கிழட்டுச் சேவல்தான் வேண்டுமாம். உப்பிட்ட மாமிசத்தைத் துண்டு போட்டு, அது விட்ட கொழுப்பிலேயே சேவலை வதக்கி, சின்ன வெங்காயமும் காளானும் சேர்த்து, சேவல் முழுகுமளவுக்குச் சிவப்பு ஒயினை ஊற்றி, அரை நாள் சிறு தீயில் விடவேண்டும். கறி எலும்பை விட்டுத் தானாகக் கழன்றுவிடும் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடியிருந்த அந்த நேரத்தில்தான் எனக்கு இந்த யோசனை வந்தது.

என்ன சமைக்கப்போகிறேன் என்பதைச் சொல்லாமல், பையனைப் பார்க்க எங்கள் வீட்டுக்கே சாப்பிட வாருங்கள், டேனரி மூடியிருக்கும் நாளில் வந்தால் நிதானமாகப் பேசலாம் என்றேன். எங்கள் ஊர் டேனரிகள் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். அவரும் சரி என்று தலையாட்டினார்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். ஒயின் என்ற சொல்லைத் தாண்டி அவள் எதையும் காதில் வாங்கவில்லை. ஒரு சொட்டு ஒயின்கூட இந்த வாசலைத் தாண்டாது, அதற்குப் பதிலாக வேறு ஏதாவது ஊற்றப்போகிறேன் என்று நான் சத்தியம் செய்தேன்.

"ஊத்தலேன்னாலும் அத நெனச்சிக்கினுதானே ஆக்கப்போறீங்க" என்றாள்.

அவள் அந்தச் சமையலில் கை வைக்கமாட்டேன் என்றாள். ஈயம் பூசிய பெரிய செப்புப் பாத்திரமான தேக்சாவையும் தரமாட்டேன் என்று எடுத்துப் பரண்மேல் வைத்தாள். எங்கள் ஊரில் கல்யாணத்துக்குச் சமைப்பது ஆண்கள்தானே, ஒரு சேவலுக்கு என்ன வந்தது என்று நானே இறங்கினேன். கல்யாணத்துக்குச் சமைக்கும் ஆண்கள் யாரும் முன்ஷிகள் அல்ல என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

சேவல் சுலபமாகக் கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு ஒருவர் இருந்தார். சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். அவர் வளர்த்த சேவல் அந்தத் தெருவிலேயே கிழமானது, கெட்டதும்கூட. தபால்காரரைத் துரத்தும். கார்டையே இரண்டு முறை கொத்தியிருந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டார், நன்றி என்றும் சொன்னார். உப்பிட்ட மாமிசத்துக்கும் கஷ்டமில்லை. துரையின் ஊரில் அது எந்த மிருகத்தின் மாமிசம் என்பதை நான் வீட்டில் சொல்லவில்லை. பக்ரீதுக்கு அறுத்த ஆட்டின் உப்புக்கண்டம் எங்கள் வீட்டுக் கொடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. காளானைத் தொட எனக்குப் பயம், அதனால் பிஞ்சுக் கத்தரிக்காயைக் காம்போடு போட முடிவு செய்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் காளான் போலத்தான் இருக்கும்.

மீதி ஒயின். அது எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் தெருவிலேயே கார்டு ஒருவருக்குத்தான் தெரியும். சேவலை வாங்கிக்கொண்டே கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"நல்லா செவப்பா இருக்கும் மேன். இனிப்பெல்லாம் இல்ல. வாயில ஊத்துனா நாக்க இழுத்துப் புடிச்சிக்கும். மரப் பீப்பாயில மாசக் கணக்கா ஊறும். ஊற ஊற நல்லாருக்கும்."

நான் வீடு வரும் வழியெல்லாம் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். சிவப்பு. துவர்ப்பு. மரத் தொட்டியில் ஊறுவது. பாலாற்றங்கரையில் இந்த இலட்சணங்கள் உள்ள திரவம் ஒன்றுதான் உண்டு. தினமும் அதன் நடுவில்தான் நான் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறேன். தோல் பதனிட ஊற்றும் ஆவாரம்பட்டைத் தண்ணீர்.

டேனரித் தொட்டியிலிருந்து மொண்டு வந்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதில் என்னென்ன ஊறியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாட்டு மருந்துக் கடையில் புதுப் பட்டை வாங்கி, கழுவி, இடித்து, கொதிக்கவைத்து வடிகட்டினேன். ஆவாரம்பூவைக் கொதிக்கவைத்துக் குடிக்காத வீடு இங்கே உண்டா? பட்டையைச் சர்க்கரை வியாதிக்குக் கொடுக்கிறார்கள். பூவும் பட்டையும் மருந்து என்றால் அதில் வெந்த சேவல் மட்டும் எப்படி விஷமாகும்? ஒயின் திராட்சையில் செய்வது என்பதால் ஒரு கை கிஸ்மிஸையும் போட்டேன். நிறம் அபாரமாக வந்தது. ஒரு சொட்டு நாக்கில் விட்டேன். நாக்கை இழுத்துப் பிடித்தது. கார்டு சொன்னபடியே எல்லாம் நடக்கிறது என்று எனக்குக் கர்வம்.

வெள்ளிக்கிழமை காலை இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றினேன். தேக்சா பரணில் இருந்ததால் வீட்டில் அவ்வளவு பெரிய பாத்திரம் அது ஒன்றுதான். உப்புக்கண்டம் வதங்கியது, சேவல் சிவந்தது, வெங்காயம் மணத்தது. அந்த மணத்துக்கு என் மனைவியே அடுக்களை வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். பட்டைத் தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்தேன். என் மகன் குளித்து, புதுச் சட்டை போட்டு, அவளுக்குப் பின்னால் வந்து நின்றான். சட்டியைப் பார்த்தான், செம்பைப் பார்த்தான், வாயைத் திறந்தான்.

நான் கையை ஓங்கித் தடுத்தேன். துரை வந்து போகும்வரை நீ வாயைத் திறக்கக் கூடாது என்று முந்தின நாள் முழுவதும் சொல்லி வைத்திருந்தேன். அதை மறுபடி ஞாபகப்படுத்தினேன். அவன் வாயை மூடிக்கொண்டான். நான் செம்பைச் சட்டியில் கவிழ்த்தேன்.

இப்போது பத்தேகால் மணிக்கு வருகிறேன். கறுத்த குழம்பைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் மகன் ஓடி வந்தான். இன்னதென்று சொல்லத் தெரியாமல் கரண்டியால் சட்டியைக் காட்டினேன். பேசலாமா என்று சைகையால் கேட்டான். பேசித் தொலை என்றேன்.

"பட்டத் தண்ணிய இரும்புல ஊத்துனா கறுக்கும் அத்தா. அதத்தான் சொல்ல வந்தேன். நீங்கதான் பேசாதேன்னீங்க."

நான் சட்டியின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பட்டைத் தண்ணீரில் இரும்பு படக் கூடாது என்பது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். தொட்டிக்குள் ஓர் ஆணி விழுந்தாலும் தோலில் கறுப்புக் கறை ஏறிவிடும். கறை ஏறிய தோலுக்கு எவ்வளவு தள்ளுபடி என்று இத்தனை வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன் நான். ஆனால் அதெல்லாம் டேனரியில். அடுக்களையில் இருப்பது சமையல் என்றல்லவா நினைத்துவிட்டேன்.

அதன்பிறகு நடந்ததற்கு மகன்தான் மேஸ்திரி. கறை எடுக்க டேனரியில் புளிப்பு சேர்ப்பார்கள் என்றான். வீட்டிலிருந்த எலுமிச்சம்பழம் அத்தனையையும் பிழிந்தோம், போதாமல் பக்கத்து வீட்டு மரத்திலும் பறித்தோம். சேவலை மண்சட்டிக்கு மாற்றினோம். கறுப்பு மெல்ல இறங்கியது. இறங்கி நின்ற நிறத்தை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். புதுச் செருப்பின் நிறம். மணமும் அதேதான். கத்தரிக்காய்கள் மட்டும் கறுப்பாகவே மிதந்தன.

வெந்துவிட்டதா பார்க்கலாம் என்று கத்தியை வைத்தேன், கத்தி வழுக்கியது. அழுத்தினேன், சேவல் சட்டிக்குள்ளேயே புரண்டு படுத்துக்கொண்டது. ஒயினில் கறி எலும்பை விட்டுக் கழலும் என்று துரை சொன்னார். இங்கே அது எலும்பை இன்னும் இறுக்கிக்கொண்டு வந்தது. பச்சைத் தோலைத் துவர்ப்பில் ஊறப்போட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல எங்கள் ஊரில் ஆயிரம் பேர் இருந்தார்கள். கறியை ஊறப்போட்டாலும் அதேதான் ஆகும் என்பதை முதலில் செய்து பார்த்தவன் நான்தான்.

ஓர் இறக்கையைப் பிய்த்துக் கொல்லைப் பூனைக்குப் போட்டேன். அது ஆசையாகக் கவ்விக்கொண்டு போனது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், இறக்கையை இரண்டு முன்னங்காலாலும் தரையில் அழுத்தி, தலையைப் பின்னால் சாய்த்து இழுத்துக்கொண்டிருந்தது. இறக்கை நீண்டது, அறுபடவில்லை. பூனை அதை விட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு சுவரேறிப் போய்விட்டது.

தன் சேவல் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கார்டு வந்தார். ஒயினைப் பற்றித் தெரிந்த ஒரே மனிதர் என்பதால் ஒரு கரண்டி குழம்பை அவரிடம் நீட்டினேன். ஊதி, கண்ணை மூடிக் குடித்தார். மூடிய கண் திறக்கவில்லை. உதடுகள் உள்ளே போயின, கன்னங்களும் பின்னாலேயே போயின. ஒரு சொம்பு தண்ணீர் குடித்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"இது ஒயின் இல்ல மேன். ஆனா என் பூட்ஸ் ஒண்ணு காஞ்சு வெடிச்சிருக்கு. மிச்சம் இருந்தா குடு."

வாயின் துவர்ப்பு போகவேண்டும் என்று சொல்லி, என் மனைவி எங்களுக்காக ஆக்கி வைத்திருந்த சோறு, பருப்பு, அப்பளம் எல்லாவற்றையும் அவரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். பாவம், அவர் செய்த உதவிக்கு நாங்கள் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

தொழுகைக்கு நேரமானது. மனைவியிடம், எக்காரணம் கொண்டும் அடுப்பு அணையக் கூடாது, இன்னும் வெந்தால் ஒருவேளை இளகும் என்று சொல்லிவிட்டு மகனோடு பள்ளிவாசலுக்குப் போனேன். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூ செய்யும்போது கையை எத்தனை முறை தேய்த்தும் மணம் போகவில்லை. வரிசையில் எனக்கு வலப்பக்கம் நின்ற ஹாஜியார் இரண்டு முறை மூக்கை உறிஞ்சினார். தொழுகை முடிந்து ஸலாம் சொல்லிக் கை கொடுக்கும்போது, வெள்ளிக்கிழமைகூடவா டேனரியைத் திறக்கிறீர்கள் என்று வருத்தத்தோடு கேட்டார். இல்லை, வீட்டில் சமையல் என்றேன். அவர் என் கையை விட்டுவிட்டார்.

அன்று நான் இறைவனிடம் துஆ கேட்டது கொஞ்சம் வெட்கமான விஷயம். முதலில் சேவல் இளகவேண்டும் என்று கேட்டேன். பிறகு துரைக்குக் கடுமையாக இல்லாமல் இலேசாக ஒரு காய்ச்சல் வரவேண்டும் என்று கேட்டேன். பக்கத்தில் மகன் கண்ணை மூடிக் கையேந்தியிருந்தான். புதுச் சட்டைக் காலர் கழுத்தில் உறுத்திச் சிவந்திருந்தது. இந்தப் பிள்ளைக்கு வேறு எந்தக் குறையும் இல்லை. குடிக்கமாட்டான், சீட்டாடமாட்டான், தோலைத் தொட்டாலே ஆடு எந்த ஊர்ப் பக்கம் மேய்ந்தது என்று சொல்லிவிடுவான். அவனுக்கு வரவேண்டிய சோற்றை நான் ஒரு சட்டியில் போட்டுத் தோலாக்கிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி சொன்ன சொல் தவறாமல் புளியங்கட்டையாகப் பார்த்து அடுப்பில் செருகியிருந்தாள். சேவல் பாதியாகச் சுருங்கியிருந்தது. தோல் இறுகி, மினுமினுவென்று, மெழுகு தேய்த்ததுபோல் இருந்தது. கரண்டியால் தட்டினேன். சத்தம் வந்தது.

"அணையாம பாத்துக்கினேன்" என்றாள்.

துரையைக் காணோம். நாங்கள் மூவரும் காத்திருந்தோம். எனக்குப் பசி தெரியவில்லை. மகனுக்குத் தெரிந்தது, ஆனால் பேசக் கூடாது என்பதால் வயிறு மட்டும் பேசியது. சட்டியை அப்படியே கொல்லையில் புதைத்துவிட்டுக் கடையில் ஏதாவது வாங்கி வரலாமா என்று கேட்டேன். ஜும்ஆ நாளில் இந்நேரத்துக்கு எந்தக் கடை திறந்திருக்கும் என்று மனைவி கேட்டாள். கோழியைப் பூனை தூக்கிப்போய்விட்டது என்று சொல்லலாமா என்றேன். பூனை அதை வேண்டாம் என்றது என்று மகன் சொன்னான். அதனால்தான் உன்னைப் பேச வேண்டாம் என்கிறேன் என்று அவன்மேல் பாய்ந்தேன். துரை எது கேட்டாலும் நீ ஆமாம் சார் என்ற இரண்டு சொல்லைத் தவிர வேறு எதுவும் சொல்லக் கூடாது என்று ஆணையிட்டேன். அவன் ஆமாம் சார் என்றான்.

என் மனைவி அதுவரை எங்களைப் பார்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தவள், எழுந்து போய் அவனுடைய காலர்ப் பொத்தானைக் கழற்றிவிட்டாள். கழுத்தின் சிவப்பைத் தடவிக்கொண்டே, "வேல கெடைக்கலேன்னா போவுது போ. கோழி தோலானதுக்கு என் புள்ள இன்னா பண்ணுவான்" என்றாள். காலையிலிருந்து அவள் அந்தச் சமையலைப் பற்றிச் சொன்ன எல்லாவற்றையும்விட எனக்கு அதுதான் பொறுக்க முடியவில்லை. நான் எழுந்து போய்ச் சட்டியில் இன்னும் ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்தேன்.

வெயில் சாய்ந்த பிறகு வாசலில் மாட்டு வண்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பச்சைத் தோல் ஏற்றிய வண்டி ஒன்றின் மேல், தோல் மூட்டைகளுக்கு நடுவில், தொப்பி வைத்துக்கொண்டு துரை உட்கார்ந்திருந்தார். பள்ளிகொண்டாவுக்கு அப்பால் அவருடைய மோட்டாரின் டயர் வெடித்துவிட்டதாம். ஈக்கள் அவரோடேயே இறங்கின. இறங்கியவர் வண்டிக்காரரிடம், மாட்டுக்கு முதலில் தண்ணி காட்டு என்று சுத்தமான தமிழில் சொன்னார். இத்தனை வருஷமாக இந்த மனிதரிடம் நான் இங்கிலீஷில் வியர்த்துக்கொண்டிருந்தேன். பாண்டிச்சேரியில் பிறந்து வளர்ந்தவர் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் மனைவி திரைக்குப் பின்னால் போனாள். மகன் எழுந்து நின்று பொத்தானைப் போட்டுக்கொண்டான். துரை தொப்பியைக் கழற்றினார், முகம் கழுவினார், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஏதோ சொல்லச் சங்கடப்படுகிற மனிதர் போலத் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"முன்ஷி, மன்னிக்கணும். வர்றேன்னு சொன்னப்ப கிழமைய யோசிக்கல. வண்டியில வர்றப்பதான் ஞாபகம் வந்துச்சு. வெள்ளிக்கிழமை எங்க கத்தோலிக்க மதத்துல கறி சாப்பிடக் கூடாது."

அந்த நேரத்தில் அவர் கையைப் பிடித்து என் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பேன். கறியா, கறி என்று எதுவுமே செய்யவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல் வெளியே வருவதற்குள் எனக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்ப பரவால்லீங்க சார். அது இப்ப கறி இல்ல. தோலாயிடுச்சு."

துரை நிமிர்ந்தார். எது என்று கேட்டார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மகன் சட்டியோடு வந்து நின்றான். மூடியை எடுத்தான். துரை குனிந்து முகர்ந்தார். ஆவாரம் என்று தனக்குத்தானே சொன்னார். இரண்டு விரலால் சேவலின் காலைப் பிடித்துத் தூக்கி, வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். நெஞ்சுப் பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்தினார். தோலை மடித்தார், விட்டார், மறுபடி மடித்தார். சேவலிலிருந்து அவர் பூட்ஸின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. டேனரியில் பார்க்கிற அதே முகம்.

"எந்தத் தரம்?" என்று மகனைக் கேட்டார்.

நான் துரையின் முதுகுக்குப் பின்னால் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். முதல் தரம். அவன் என் விரலைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான்.

"தேர்டு சார். காலு ரெண்டும் நல்லா புடிச்சிருக்கு. வயித்துப் பக்கம் தொளதொளன்னு கெடக்குது. இரும்புக் கறை வேற இருக்கு, எலுமிச்சம்பழம் போட்டும் முழுசா போவல. அத்தா பண்ணுனது."

திரைக்குப் பின்னால் என் மனைவி நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

துரை சேவலைப் பத்திரமாகச் சட்டிக்குள் இறக்கினார். கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார்.

"இந்தப் பக்கம் எத்தன வருஷமா தோல் வாங்குறேன். எல்லாரும் ஃபஸ்டு ஃபஸ்டுன்னுதான் சொல்லுவாங்க. தேர்டுன்னு ஒருத்தர் வாயால இன்னிக்குதான் கேக்குறேன். நாளைக்குக் காலையில ராணிப்பேட்டைக்கு வந்துடு."

அப்புறம் திரைப் பக்கம் திரும்பி, குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"அம்மா, பசி தாங்கல. முட்ட இருந்தா ரெண்டு போடுங்க. முன்ஷி அடுப்புப் பக்கம் வர வேணாம்."